குளிரில் தயங்கும் மோட்டார்



மார்கழி மாதத்து விடியற்காலையில் எழுந்திருக்கத் தயங்காதவர் நம்மில் சிலரே. போர்வையை விலக்க மனம் வருவதில்லை. விலக்கினாலும் தரையில் கால் வைக்கக் கூசுகிறது. மனிதனுக்கு உள்ள இந்தத் தயக்கம் அவன் செய்துவைத்த மோட்டார் வண்டிக்கும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு. நாம் தயங்கினால் காப்பி ஆறிப்போகும்; அவ்வளவே. வண்டி தயங்கினால், அது தயங்குகிற இடத்தைப் பொறுத்து, உயிருக்கே கேடு நேரலாம். குளிர்ந்த வேளையில் மோட்டார் யந்திரம் ஏன் தயங்குகிறது, அதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பதையே இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் யந்திர சாஸ்திரம் பயின்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்றவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். மும்பையை அடுத்த டோம்பிவிலியில் குடியிருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் பலரையும் போல வார நாட்களில் மின்சார ரயிலில் நின்றபடியே பட்டணம் போய், நின்றபடியே திரும்புகிறவன். வண்டி வைத்திருப்பது என் தாயாருக்காக. அவருக்கு எழுபத்தைந்து வயது. முழங்கால் வலி. ரயில் நிலையத்துப் படிகளை ஏறி இறங்க அவரால் இயலாது. ஆகையால் பழைய வண்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விசேஷ நாட்களிலும் மட்டுமே அது வெளியே வரும்.

மும்பையில் குளிர் ஏது என்று தமிழ்நாட்டு நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கொலாபாவின் கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்குக் கம்பளி தேவைப்படுவதில்லை. ஆனால் கடலை விட்டு உள்ளே வர வர இரவின் குளிர் கூடுகிறது. கல்யாண், டோம்பிவிலி, பத்லாபூர் முதலிய ஊர்களில் டிசம்பர், ஜனவரி மாதத்து விடியற்காலையில் வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. உதகமண்டலத்தில் இதே மாதங்களில் புல்வெளி மீது உறைபனி படியும். அதனோடு ஒப்பிட்டால் எங்கள் குளிர் குளிரே அன்று. ஆயினும் குறையுள்ள யந்திரத்தைக் காட்டிக்கொடுக்க அதுவே போதும். ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தைச் சுற்றி வரும் நீரின் சூடு ஏறத்தாழ 90 டிகிரி. அந்தச் சூட்டில் வேலை செய்யப் பழகிய யந்திரத்துக்கு 15 டிகிரி என்பது நல்ல குளிர்தான்.

2024-ஆம் ஆண்டின் மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். என் தந்தையார் இருந்த காலத்தில் நாங்கள் மாதுங்காவில் குடியிருந்தோம். மார்கழி முழுவதும் விடியுமுன் குளித்துவிட்டு ஆஸ்திக சமாஜக் கோயிலுக்குப் போவது தாயாரின் வழக்கம். டோம்பிவிலிக்கு வந்த பிறகு அது நின்றுபோயிற்று. அந்த ஆண்டு, "நான்கு நாளாவது போய் வரவேண்டும்" என்றார். ஷில்பாட்டா, மஹாபே, வாஷிப் பாலம், செம்பூர் வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர். விடியுமுன் சாலை காலியாக இருக்கும்; ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானால் சேர்ந்துவிடலாம். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

முதல் இரண்டு நாட்களிலும் புறப்படும்போது வண்டி ஏதோ முனகியது. அதை நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் எங்கள் தெருவிலிருந்து கல்யாண்–ஷில் சாலைக்குள் நுழையவேண்டும். தொலைவில் ஒரு டாங்கர் லாரி வந்துகொண்டிருந்தது. கடந்துவிட நேரம் இருந்தது. வண்டியை நகர்த்தி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வழக்கமாகச் சீறிக்கொண்டு பாயவேண்டிய வண்டி, பெருமூச்சு விட்டதுபோல் ஓர் ஒலி எழுப்பிவிட்டு, சாலையின் குறுக்கே அப்படியே துவண்டது. நான் மேலும் அழுத்தினேன். அது மேலும் துவண்டது. இரண்டு மூன்று விநாடிகள்தாம் இருக்கும். லாரியின் விளக்குகள் எங்கள் வண்டிக்குள் நிறைந்தன. லாரி ஓட்டி வந்தவர் திறமைசாலி. பிரேக்கைப் போட்டு எங்களுக்குப் பத்தடி தள்ளி நிறுத்தினார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பற்றியிருந்த கையை எடுக்கவும் இல்லை. சிறிது தூரம் சென்ற பிறகு, "இன்றைக்கு வேண்டாம், திரும்பிவிடலாம்" என்று மட்டும் சொன்னார்.

இதில் வியப்பான செய்தி என்னவென்றால், ஐந்து நிமிடம் ஓடியதும் அதே வண்டி ஒரு குறையும் இல்லாத வண்டியாகிவிட்டது. மிதித்த அளவுக்கு ஓடிற்று. வீட்டு வாசலில் நிறுத்தும்போது அதைப் போன்ற சாது உலகத்தில் இல்லை.

அன்று பதினொரு மணிக்கு ஒரு பழுதுபார்க்கும் நிலையத்துக்கு அதை ஓட்டிச் சென்றேன். "வண்டி சரியாக இழுக்கவில்லை" என்றேன். அவர்கள் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. கணினிக் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். குற்றம் எதுவும் பதிவாகவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். மறுநாள் விடியற்காலையில் மீண்டும் அதே தயக்கம். இரண்டாம் முறை காற்று நுழையும் பாகத்தைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மறுநாளும் மாறுதல் இல்லை. மூன்றாம் முறை பெட்ரோல் பம்பையே மாற்றவேண்டும் என்றார்கள். அதற்குள் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகியிருந்தது. அவர்களை நான் குறை கூறமாட்டேன். நோயாளியைக் காய்ச்சல் இறங்கிய பிறகு அழைத்துச் சென்று, காய்ச்சலைக் காட்டு என்றால் மருத்துவர்தாம் என்ன செய்வார்?

அப்போது நண்பர் ஒருவர் மான்பாடா சாலைப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் என்னை அழைத்துச் சென்றார். குர்லாவில் இருந்த மோட்டார் தொழிற்சாலையில் இளமையில் வேலை பார்த்தவர். இப்போது சிறிய பட்டறை ஒன்றில் அமர்ந்து நாளைக்கு ஒரு வண்டி, இரண்டு வண்டி பார்க்கிறவர். மராட்டியில் சிற்றப்பாவுக்கு 'காகா' என்று பெயர். வயதில் மூத்தவரை அப்படி அழைப்பது இங்கே வழக்கம். நானும் அப்படியே அழைத்தேன். அவர் வண்டியின் மூடியைத் திறக்கவே இல்லை. ஒரு நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"சாஹேப், இழுக்கவில்லை என்றால் எப்படி? கிளம்ப மறுக்கிறதா? கிளம்பிய பின் நின்றுபோகிறதா? ஓடும்போது இடையிடையே துடிப்புத் தவறுகிறதா? அல்லது மிதித்த பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டு ஓடுகிறதா?" என்று கேட்டார்.

நான் திகைத்துப் போனேன். இவை நான்கும் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒன்றல்ல. ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்றியும் வண்டி கிளம்ப மறுத்தால், பாட்டரியின் வலுவையும், இரவெல்லாம் குழாயில் நிற்கவேண்டிய பெட்ரோலின் அழுத்தம் வடிந்துவிட்டதா என்பதையும் முதலில் பார்க்கவேண்டும். கிளம்பியபின் சும்மா நிற்கும்போது அணைந்துபோனால், யந்திரம் நின்ற நிலையில் ஓடுவதற்கு வேண்டிய காற்றின் அளவில் கோளாறு இருக்கலாம். ஒரே தாளத்தில் ஒரு துடிப்பு மட்டும் தவறினால் அதைத் தொழிலாளர்கள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். ஏதோ ஒரு சிலிண்டரின் பிளக், காயில், இன்ஜெக்டர் இவற்றுள் ஒன்றின் மீது ஐயம் செல்லும். இவை எதுவுமில்லாமல், மிதிக்கும்போது மட்டும் ஒரு கணம் துவண்டு, பிறகு எழுந்து ஓடினால் அதற்கே தயக்கம் என்று பெயர். மிதித்த அந்தக் கணத்தில் காற்றுக்கு ஈடான பெட்ரோல் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இதை நாங்கள் நன்கு அறிவோம். தவறான சொல்லை இட்டுவிட்டால் பின்னால் வருகிற வாக்கியங்கள் எல்லாம் அதன் வழியே தவறிப்போகும். கோப்புகளில் அவ்வளவு கவனமாக இருக்கிற நான், என் தாயார் ஏறிச் செல்லும் வண்டியின் நோய்க்கு ஒரு மூட்டைச் சொல்லைத் தூக்கிக் கொடுத்திருந்தேன். மூட்டையை அவிழ்க்கவே ஐயாயிரம் ரூபாய் ஆயிற்று.

"யந்திரம் குளிர்ந்திருக்கும்போது மட்டுந்தானா? எத்தனை நிமிடத்தில் சரியாகிறது?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. நான் விடை சொன்னேன். "இன்றிரவு நானே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து வண்டியைப் பார்ப்பதில் பயன் இல்லை. நாளைக் காலை ஐந்தரை மணிக்கு வருகிறேன். நான் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள்" என்றார்.

அவர் வருவதற்குள், குளிருக்கும் இந்தத் தயக்கத்துக்கும் என்ன தொடர்பு என்பதை நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல் எரிகிறது என்கிறோம். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவியே காற்றோடு கலந்து எரிகிறது. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிவதற்கு, எடைக் கணக்கில், ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். யந்திரம் குளிர்ந்திருக்கும்போது, தெளிக்கப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாவதில்லை. காற்று நுழையும் குழாயின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாகப் படிந்துவிடுகிறது. ஆகவே உள்ளே போகிற கலவையில் காற்று மிகுந்து, ஆவி குறைகிறது. அந்த நிலையில் நாம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? மிதி திறந்துவிடுவது காற்றுக்கான கதவை. காற்று இலேசானது, கதவு திறந்தவுடன் பாய்ந்துவிடும். பெட்ரோலோ சுவரில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். காற்று மட்டும் மிகுந்த அந்தக் கலவையில் தீப்பொறி பட்டாலும் சரியாகப் பற்றுவதில்லை. அதுவே நாம் காலடியில் உணரும் துவளல்.

இதற்குப் பரிகாரம் எளியது. குளிர்ந்த வேளையில் சற்றே கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கவேண்டும். சூடேற ஏற அதைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். பழைய வண்டிகளில் இந்தப் பொறுப்பு ஓட்டுகிறவருடைய கையில் இருந்தது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாகப் பல தலைமுறைகள் கண்ட பிரீமியர் பத்மினியை நினைவுகூருங்கள். 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரோடு வந்து, எழுபதுகளில் பத்மினி என்று பெயர் பெற்று, 2023 அக்டோபரில் டாக்ஸித் தொழிலிலிருந்து விடைபெற்ற வண்டி அது. குர்லாவில் உருவானது. அதில் 'சோக்' என்னும் குமிழ் ஒன்று இருக்கும். குளிர்ந்த காலையில் அதை வெளியே இழுத்தால் கார்புரேட்டரில் காற்றின் வழி சுருங்கும். கலவையில் பெட்ரோல் மிகும். வண்டி சூடேறியதும் குமிழை உள்ளே தள்ளிவிடவேண்டும். தள்ள மறந்தால் கரும்புகை கிளம்பும். பெட்ரோல் நாற்றம் தெருவெல்லாம் வீசும். இதைத் தவிர, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பீச்சு பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்த கார்புரேட்டருக்குள்ளேயே ஒரு குட்டிப் பம்பு உண்டு. அதன் தோல் அல்லது ரப்பர் வட்டு தேய்ந்துவிட்டால் தயக்கம் நிச்சயம்.

கோயமுத்தூரிலிருந்து கார்புரேட்டர் வண்டியில் உதகமண்டலம் ஏறியவர்களுக்கு ஒரு விசித்திர அனுபவம் இருந்திருக்கும். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்ததால் கலவையில் பெட்ரோல் தானாகவே மிகுந்துவிடுகிறது. பகலில் மலை ஏறும்போது பெட்ரோல் மிகுதியால் திணறும் வண்டி, மறுநாள் உறைபனிக் காலையில் பெட்ரோல் போதாமல் தயங்கும். ஒரே ஊரில் ஒரே வண்டிக்கு இரண்டு நேர்மாறான நோய்கள். இதனால்தான், அறிகுறியை மட்டும் கேட்டுவிட்டு மருந்து சொல்வது ஆபத்தானது.

நம் நாட்டில் இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும், புதிய கார்களில் கார்புரேட்டர் மறைந்து இன்ஜெக்டர் வந்தது. சோக்குக் குமிழும் மறைந்தது. குளிருக்கு எவ்வளவு கூடுதல் கொடுப்பது என்பதை இப்போது ஒரு சிறிய கணினி தீர்மானிக்கிறது. அந்தக் கணினிக்குக் கண்ணும் தோலும் இல்லை. யந்திரம் குளிர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்பதை அதற்குச் சொல்வது, யந்திரத்தைச் சுற்றும் கூலண்ட் நீரில் செருகியிருக்கும் ஒரு சென்சார். சுண்டுவிரல் பருமன்தான். குளிரும்போது அதன் மின்தடை உயரும், சூடேறும்போது குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஓம் வரை இருக்கும். 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அந்தத் தடையைப் படித்தே கணினி சூட்டை அறிகிறது.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறது என்று சோதித்துக் கணினிக்குச் சொல்ல இன்னொரு சென்சாரும் இருக்கிறது. கணினி தவறாகப் பெட்ரோல் கொடுத்தால் அது திருத்திவிடும். ஆனால் அந்த ஆக்ஸிஜன் சென்சார் முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறிய பிறகே வேலை செய்யும். ஆகவே புறப்பட்ட முதல் சில நிமிடங்களில் கணினியைத் திருத்துவார் யாருமில்லை. கூலண்ட் சென்சார் சொன்னதே வேதவாக்கு. அது பொய் சொன்னால் கணினி பொய்யின்படியே நடக்கும். சூடேறியபின் திருத்துகிறவர் விழித்துக்கொள்வார்; வண்டியும் சாதுவாகிவிடும். என் வண்டி ஐந்து நிமிடத்தில் நல்லதாகிவிட்ட மர்மம் இதுதான்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் காகா வந்தார். காதை மூடிக் கம்பளித் துணி கட்டியிருந்தார். ஓ.பி.டி. என்று சொல்லப்படும் இணைப்பில் மாட்டுகிற ஒரு சிறு கருவியைக் கொண்டுவந்திருந்தார். பழுதுபார்க்கும் நிலையத்தில் மாட்டியதும் அதே வகைக் கருவிதான். அவர்கள் அதில் குற்றப் பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். இவர் வேறொன்று பார்த்தார். சாவியை ஒரு பாதி திருப்பி, யந்திரத்தைக் கிளப்பாமலே, இரண்டு எண்களைப் படிக்கச் சொன்னார். ஒன்று, உள்ளே நுழையும் காற்றின் சூடு. மற்றொன்று, கூலண்ட் நீரின் சூடு.

காற்று 17 டிகிரி என்று காட்டியது. கூலண்ட் 52 டிகிரி என்று காட்டியது.

இரவு முழுவதும், பத்து மணி நேரத்துக்கு மேல், வாசலில் குளிரில் நின்ற வண்டி. அதன் நீரும் காற்றும் ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் இருக்கவேண்டும். இரண்டு மூன்று டிகிரி வேறுபடலாம்; முப்பத்தைந்து டிகிரி வேறுபட வழியே இல்லை. ஒருவன் பொய் சொல்கிறான். காகா யந்திரத்தின் மீது கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார். சில்லென்று இருந்தது. எவன் பொய்யன் என்று தெரிந்துவிட்டது.

அப்போதும் அவர் சென்சாரை மாற்றச் சொல்லவில்லை. அதன் இணைப்பைக் கழற்றி, மின்தடையை அளந்தார். அந்தக் குளிரில் 2,800 ஓம் அளவுக்கு இருக்கவேண்டியது, எண்ணூறே இருந்தது. சென்சாருக்குள் மின்சாரம் கசிய ஒரு குறுக்கு வழி ஏற்பட்டுவிட்டது என்றார். சூடேறியபின் சென்சாரின் தடையே முந்நூறுக்கு இறங்கிவிடுவதால், அந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது. குளிரில்தான் பொய் பெரிதாகும். 52 டிகிரி என்பது நம்பத்தகாத எண்ணும் அல்ல. ஆகையால் கணினி சந்தேகப்படவில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. புதிய சென்சார் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. மாற்றியபின், அதற்கடுத்த நாள் காலையும் அவரே வந்து இரண்டு எண்களையும் மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் பதினாறு டிகிரியை ஒட்டி நின்றன. மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று அவர் கருதவில்லை. நோய் வந்த அதே வேளையில், நோய் போய்விட்டதைப் பார்த்த பிறகே கூலியைப் பெற்றுக்கொண்டார்.

நேயர்களே, இதைக் கேட்டுவிட்டு உங்கள் வண்டி தயங்கினால் உடனே கூலண்ட் சென்சாரை மாற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நான் இவ்வளவு நேரம் பேசியது வீண். இதே தயக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு.

யந்திரத்துக்குள் காற்று செல்லும் ரப்பர்க் குழாய்கள் நாளடைவில் இறுகி வெடிக்கும். குளிரில் அந்த வெடிப்பு திறந்திருக்கும். சூட்டில் ரப்பர் இளகி ஓரளவு மூடிக்கொள்ளும். அளக்கப்படாத காற்று அதன் வழியே நுழைவதால் கலவை கெடும். அடையாளம்: யந்திரம் நின்ற நிலையில் ஓடும்போது ஒரே சீராக இராமல் ஏறி இறங்கும், காது கொடுத்தால் 'உஸ்' என்ற ஒலி கேட்கும். ஒரு முழ ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையைச் சந்தேகமுள்ள இடங்களில் நகர்த்தினால் ஒலி பிறக்கும் இடம் தெரியும். சுழலும் விசிறியும் பட்டையும் அருகில் இருப்பதால் கையையும் தொங்கும் துணியையும் எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளவேண்டும்.

நெடுநாள் ஓடிய வண்டியில் வால்வின் முதுகில் கரி படிந்திருக்கும். அந்தக் கரி, குளிரில், தெளிக்கப்படும் பெட்ரோலைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். கூலண்ட் சென்சார் உண்மையே சொல்லியும் தயக்கம் இருந்தால் இதன்மீது ஐயம் கொள்ளலாம். பெட்ரோலின் அழுத்தம் குறைந்திருந்தால் தயக்கம் குளிரோடு நிற்காது. சூடான பின்னும், மேட்டில் ஏறும்போதும் தோன்றும். பல வண்டிகளில் அந்த அழுத்தம் மூன்று பார் அளவில் இருக்கவேண்டும். அளவுமானியை மாட்டிப் பார்க்காமல் பம்பை மாற்றுவது அறிவுடைமை ஆகாது. பிளக்குகளைக் கழற்றினால் அவற்றின் நிறமும் ஒரு சாட்சி. கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. என் வண்டியிலிருந்து முதல் முறை கழற்றிய பழைய பிளக்குகளை யாராவது உற்றுப் பார்த்திருந்தால் அவையும் ஏதேனும் சொல்லியிருக்கும். அவை குப்பைக்குப் போய்விட்டன.

எங்கள் பக்கத்தில் இயற்கை வாயுவில், அதாவது சி.என்.ஜி.யில் ஓடும் வண்டிகள் மிகுதி. அவற்றுக்கென்று ஒரு தனிக் கதை. அத்தகைய வண்டிகள் பல, காலையில் பெட்ரோலில் கிளம்பி, சிறிது சூடேறிய பின்னரே வாயுவுக்கு மாறும். ஆகவே பெட்ரோல் நாளுக்குச் சில நிமிடங்களே செலவாகிறது. தொட்டியில் மாதக்கணக்கில் பழைய பெட்ரோல் கிடக்கும். பெட்ரோல் இன்ஜெக்டர்களில் பிசின் படியும். காலையில் தயங்கி, வாயுவுக்கு மாறியவுடன் சரியாகும் வண்டியைக் கண்டால் இதை முதலில் நினைவுகொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் சில மைல் பெட்ரோலிலேயே ஓட்டுவது நல்ல தடுப்பு. மாறாக, வாயுவுக்கு மாறும் அந்தக் கணத்தில் மட்டும் தயங்கினால், குறை வாயுவின் பக்கம். உருளையில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் வாயு விரியும்போது கடுமையாகக் குளிரும்; அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசரை யந்திரத்தின் வெந்நீரால் சூடாக்கியே வைத்திருப்பார்கள். அந்த வெந்நீர் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

எத்தனாலைப் பற்றியும் ஒரு சொல். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. எடைக்கு எடை, எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பம் வேண்டும். எனவே குளிர்ந்த யந்திரத்தில் அது ஆவியாவது சற்றுக் கடினமே. வண்டி தயங்கினால் அதன்மீது பழி போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொன்னார்கள். அதே பம்பில் அதே பெட்ரோல் நிரப்பும் ஏனைய வண்டிகள் விடியற்காலையில் தயங்காமல் போவதைக் காகா சுட்டிக்காட்டினார். எங்கள் ஊர்க் குளிரில் அது ஒன்றே காரணமாவது அரிது. முன்பே உள்ள ஒரு குறையை வெளிக்காட்டத் துணை செய்யலாம். எல்லாருக்கும் பொதுவான ஒன்று, ஒருவருக்கு மட்டும் வந்த நோய்க்கு முழுக் காரணமாக இருக்க இயலாது.

முடிப்பதற்குமுன் நடைமுறையில் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தயக்கம் தோன்றிய நாளிலிருந்து ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். எந்த நேரம், எவ்வளவு குளிர், எந்தக் கியர், புறப்பட்டு எத்தனை நிமிடம், எப்போது சரியாயிற்று என்று எழுதுங்கள். மூன்று நாள் குறிப்பு மூவாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். குளிரில் மட்டும் வரும் குறையானால், வண்டியை இரவே பட்டறையில் விட்டு, காலையில் அவர்களே முதல்முறை கிளப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் ஒரு பாகத்துக்கு மேல் மாற்றாதீர்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும். மூடிய கொட்டகைக்குள் யந்திரத்தை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள், அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தயங்குகிற வண்டியை நம்பிப் பெருஞ்சாலையின் குறுக்கே நுழையாதீர்கள். தயங்கும்போது மேலும் மேலும் அழுத்துவது, நான் செய்த பிழை. அதனால் காற்றே மேலும் பாய்கிறது. காலைச் சற்றுத் தளர்த்தி, மெதுவாக மீண்டும் மிதிக்கவேண்டும். குறை தீரும்வரை, வீட்டருகே உள்ள சிறு தெருக்களில் சில நிமிடம் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு, அதன் பிறகே பெருஞ்சாலைக்குப் போகவேண்டும்.

முதல் நாள் வண்டி முனகியபோதே ஐந்து நிமிடம் அதற்குச் செவி கொடுத்திருந்தால், அந்த டாங்கர் லாரியின் விளக்குகளை என் தாயார் பார்த்திருக்கவேண்டியதில்லை. அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு நாணமாக இருக்கிறது. மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது மீண்டும் மாதுங்காவுக்குப் புறப்பட்டோம். கல்யாண்–ஷில் சாலையின் முனையில் வண்டியை நிறுத்தி, இருபுறமும் பார்த்தேன். தூரத்தில் ஒரு லாரி வந்தது. கடந்துவிட நேரம் இருந்தது, கடக்கவில்லை. அது போகும்வரை காத்திருந்தேன். பின்னால் இருந்த தாயாரும் அவசரப்படுத்தவில்லை.